நூலெண்ணும் அதன் சோதனையும்

புறநானூற்றைக் கையிலெடுத்து 266 ஆம் பாட்டை ஓதி முடித்து அடுத்ததை நோக்குவார்க்கு எதிர்ப்படுவது 269 ஆம் பாட்டே யாகும். இடைநின்ற 267, 268 ஆகிய இரண்டும் இன்று கிடைத்தில. ஐங்குறுநூற்றிலும் 129, 130 என்னும் எண்கட்குரிய பாட்டுக்கள் இல்லை. எனினும் பதிப்பாசிரியர்கள் அவ்வெண்களைப் பின்வந்த பாட்டுக்களுக்கு ஈந்துவிடாது, வெற்றிடமாகவே நிறுத்திப் பதிப்பித்து வருகின்றனர். அங்ஙனம் செய்யாது இடைவெளியை மூடி எண்களை முன்னே நகர்த்தியிருப்பின், பிற நூல்களில் மேற்கோளாகக் காட்டப்பட்ட எண்களெல்லாம் வேறு பாட்டுக்களைச் சுட்டி நிற்கும்.

இதனால் ஒன்று புலனாகின்றது. 192 ஆம் பாட்டென்று சொல்லுமிடத்து அவ்வெண் எண்ணிக்கையைக் குறித்ததன்று. கணியன் பூங்குன்றனார் பாடிய ஒரு பாட்டின் பெயராக நிற்கின்றது. அதனோடு எட்டைக் கூட்டுவதாலோ அதனை இரட்டிப்பதாலோ பொருள் பிறவாது. எண்ணுருவில் எழுதப்படினும் எண்ணாகாத இத்தகைய பெயர்களை அடையாள எண் என்று வழங்குவர். மாணவர் வரிசையெண், அஞ்சற் குறியீடு, தொலைபேசி எண் எல்லாம் இவ்வினத்தனவே. மக்கள் இவ்வேற்றுமையை இயல்பாகவே உணர்வர். யாரும் இருவர்தம் தொலைபேசி எண்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. கணினிக்கோ நாம் சொன்னாலன்றி அது தெரியாது. சொல்லத் தவறிய காரணத்தால் நேர்ந்த ஓரிழுக்கினையும், அதனைத் திருத்தும்போது யான் கற்றவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் நம் கல்லூரி நூல்நிலையத்துப் பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் பணிக்கு மாணவர் சிலர் முன்வந்தோம். அட்டைகளிலுள்ளவற்றை விரிதாளிற் பொறிப்பது என் பங்கு. அவ்விரிதாளைப் படித்து, ஒவ்வொரு நூலின் அடையாள எண்ணையும் ஆராய்ந்து, பட்டியலாக்கும் நிரலைப் பைதான் மொழியில் எழுதியவர் பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர். அவர் சொல்லித்தர யானும் பாதி எழுதினேன். நிரலோடு அலகுச் சோதனைகளும் எழுதினோம். அலகுச் சோதனை யாதெனின், நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே பிரித்து, இன்னது கொடுத்தால் இன்னது விடையாக வரவேண்டுமென்று முன்னரே குறித்துவைத்து, வருகின்றதா என்று கணினியையே கொண்டு பார்ப்பித்தலாம். எங்கள் சோதனைகள் யாவும் தேறின. இருவரும் மகிழ்ந்து தேநீர் அருந்தச் சென்றோம்.

கல்லூரி திறந்த சில நாட்களில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நூல்நிலையத்திற்கு வந்தார். அவர் தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த ஆங்கில நூல்களை நம் கல்லூரிக்கு நன்கொடையாக ஈந்தவர். அவற்றுள் ஒன்றைத் தாமே மீண்டும் பார்க்க விரும்பி, அதன் எண்ணை ஒரு துண்டுத்தாளிற் குறித்து வந்திருந்தார். யான் நூற்பட்டியலில் அவ்வெண்ணைத் தேடினேன். அப்படி ஒரு நூல் இல்லையென்று கணினி விடையிறுத்தது. தலைப்பைக் கொண்டு தேடியும் நூல்களினிடையே காணோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "பழைய புத்தகம்தானே, விலைக்குப் போட்டுவிட்டீர்களோ?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அதற்குள் நூல்நிலையப் பணியாளர் உள்ளே சென்று, அந்நூலைத் தூசு தட்டிக் கொணர்ந்து, "தம்பி, புத்தகம் அலமாரியிலே பத்திரமா இருக்குது, உங்க பெட்டியிலேதான் இல்லை" என்றார். ஆசிரியர் நகைத்துவிட்டார். எனக்கு நகைக்க இயலவில்லை.

அந்நூல் எங்குப் போயிற்று என்பதை அறியவேண்டின், நூலெண்ணின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1960-களில் இங்கிலாந்தில் நூல்களுக்கு ஒன்பதிலக்க எண் வகுத்தனர். 1970 ஆம் ஆண்டில் அதுவே உலகிற்குப் பொதுவான பத்திலக்க எண்ணாக விரிந்தது; பழைய ஒன்பதிலக்கத்தின் முன்னே ஒரு சுழியை இட்டால் புதிய எண்ணாகிவிடும். 2007 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டுப் பதின்மூன்றிலக்கம் வழங்குகின்றது. பத்திலக்க எண்ணில் முதற்பகுதி நாட்டையோ மொழியையோ குறிக்கும். இந்திய நூல்கள் 81, 93 எனத் தொடங்கும். ஆங்கில நூல்களிற் பெரும்பாலன 0 அல்லது 1 எனத் தொடங்கும். அடுத்த பகுதி பதிப்பகம், அதற்கடுத்தது நூல். ஈற்றிலக்கமோ ஒன்றையும் குறிப்பதன்று. முன்னுள்ள ஒன்பதும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று காட்டும் காவலிலக்கம்.

அக்காவல் நிகழுமாறு இது. இலக்கங்களை இடமிருந்து முறையே 10, 9, 8 எனத் தொடங்கி 1 ஈறாகப் பெருக்கிக் கூட்டினால், வருந்தொகை பதினொன்றால் மிச்சமின்றி வகுபடல் வேண்டும். 0-306-40615-2 என்னும் எண்ணை இம்முறையாற் கூட்டுவார்க்கு 132 வரும். அது பதினொன்றின் பன்னிரு மடங்கு. சில வேளை ஈற்றில் பத்து வேண்டப்படும். பத்தை ஓரிலக்கத்தால் எழுதலாகாமையின், உரோமர் பத்திற்கு எழுதிய எக்ஸ் என்னும் எழுத்தை அங்கு இடுவர். பருவ இதழ்கட்கும் 1975 ஆம் ஆண்டு முதல் இத்தகைய அனைத்துலக எண்ணொன்று உண்டு. அது எட்டிலக்கம், 8 முதல் 1 வரை பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுப்பது அதற்கு முறை. இவ்விரண்டு முறைகளின் ஒற்றுமையைப் படிப்போர் நினைவிற் கொள்க. எங்களைக் கவிழ்த்தது அதுவே.

யான் பொறித்த விரிதாளிலிருந்து தொடங்குவேன். விரைவுபற்றி எண்களின் இடையேயுள்ள சிறுகோடுகளை விடுத்தே பொறித்தேன். சிறுகோடு இல்லாமையால் விரிதாள் அவற்றை உண்மையெண்களென்றே கருதி, முன்னின்ற சுழிகளைப் பயனற்றனவென்று நீக்கிவிட்டது. கணக்கில் 007 என்பதும் 7 என்பதும் ஒன்றே. பெயரில் அவை இரண்டு. பதின்மூன்றிலக்க எண்களையோ, 9.78 எனத் தொடங்கிப் பத்தின் அடுக்கால் முடியும் சுருக்கமாக மாற்றிக் காட்டியது. அத்தோற்றத்திலேயே எழுத்துக்கோப்பாகச் சேமித்தபோது கடைசி இலக்கங்கள் மீளாவண்ணம் ஒழிந்தன. இத்தொல்லை எங்களைப் போன்ற புதியவர்க்கே உரியதன்று. மரபணுக்களுக்கு அறிவியலார் இட்டிருந்த மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர்களை விரிதாள்கள் மார்ச்சு மாத, செப்டம்பர் மாதத் தேதிகளாக மாற்றிவந்தமையால், 2020 ஆம் ஆண்டில் அப்பெயர்களையே மாற்றியமைக்கும்படி ஆயிற்று. கருவியைத் திருத்தமாட்டாமற் பெயரைத் திருத்திய இது எனக்குச் சிறிது வியப்பாகவே உள்ளது.

இனி எங்கள் நிரல். அது எண்ணின் நீளத்தைக் கொண்டு இனத்தைத் துணிந்தது: பத்து அல்லது பதின்மூன்று இலக்கமாயின் நூல், எட்டாயின் பருவ இதழ், ஒன்பதாயின் முன்னே ஒரு சுழி சேர்த்து நூல். ஒரு சுழியை இழந்த நூல்கள் இந்த ஒன்பதிலக்க விதியால் தற்செயலாகப் பிழைத்தன. ஆயின் சில பதிப்பகங்களின் எண் சுழியிலேயே தொடங்கும். இலண்டன் ஆலன் அண்டு அன்வின் நிறுவனத்திற்கு 0-04; மக்ரோ-ஹில் நிறுவனத்திற்கு 0-07. இவற்றின் நூல்கள் இரண்டு சுழிகளை இழந்து எட்டிலக்கமாய் நின்றன. நிரல் அவற்றைப் பருவ இதழ்களென்று கொண்டது. கொண்டதாயினும், இதழெண்ணிற்குரிய காவற்கணக்கில் அவை தவறுமே, அப்போது அகப்பட்டிருக்குமே என்று வினவலாம். அவை தவறமாட்டா.

விளக்கத்தின்பொருட்டு யான் அமைத்த ஓரெண்ணைக் கொள்க: 0071234543. நூன்முறையால் 10, 9 என்பவற்றோடு பெருக்கப்படுவன முதலிரு சுழிகள். அவற்றின் பயன் சுழியே. ஏனைய எட்டும் 8 முதல் 1 வரை பெருக்கப்பட்டு 132 ஆகின்றன. சுழிகளை நீக்கி 71234543 என்று இதழ்முறையாற் பெருக்கினும் அதே எட்டு இலக்கங்கள், அதே எட்டுப் பெருக்கிகள், அதே 132. ஆகவே இரு சுழியை முன்னாகவுடைய எந்த நூலெண்ணும் அவற்றை இழந்தவுடன் குற்றமற்ற இதழெண் வடிவை அடைந்துவிடும். காவலன் திருடனைக் காணாது விட்டதோடு நில்லாமல், அவனுக்கு நன்னடத்தைச் சான்றும் எழுதிக் கொடுத்தான். ஆசிரியரது நூல் பருவ இதழ்ப் பட்டியலில், தனக்கு உறவில்லாத பத்திரிகைகளின் நடுவே கிடந்தது. நூல்களின் பட்டியலை மட்டும் தேடிய எனக்கு அது எங்ஙனம் தோன்றும்?

எக்ஸ் என முடியும் நூல்கட்கு வேறொரு கதி நேர்ந்தது. எழுத்துக் கலந்திருந்தமையால் விரிதாள் அவற்றை எண்ணாக்கவில்லை, சுழிகள் தப்பின. ஆனால் எங்கள் நிரல் அவற்றை முழுவெண்ணாக மாற்ற முயன்று, மாட்டாமல், பிழைக்கோப்பில் எறிந்துவிட்டது. 0-8044-2957-எக்ஸ் என்பது செவ்விய எண். கூட்டிப் பார்ப்பார்க்கு 209, பதினொன்றின் பத்தொன்பது மடங்கு வரும். எனினும் இதுபோன்ற பல அட்டைகள் அக்கோப்பில் யாரும் பாராது குவிந்திருந்தன.

இத்துணைக் குற்றமிருக்கச் சோதனைகள் எவ்வாறு தேறின? வெட்கத்தோடு சொல்கின்றேன். சோதனைக்கு எடுத்துக்காட்டுக்களைத் தேடியபோது, என் மேசைமேலிருந்த மூன்று தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டி அவற்றின் எண்களை எழுதிக்கொண்டேன். மூன்றும் 81 எனத் தொடங்குவன. ஒன்றேனும் சுழியில் தொடங்கவில்லை, எக்ஸில் முடியவுமில்லை. மேலும், வரவேண்டிய விடைகளை யாங்கள் தாளிற் கணக்கிட்டு எழுதினோமில்லை. நிரலை ஒருமுறை ஓட்டி, அது கொடுத்த விடையையே "சரியான விடை" என்று சோதனையில் ஒட்டிவிட்டோம். தேர்வெழுதியவனே விடைத்தாளைத் திருத்தியது போலாயிற்று. நிரலும் சோதனையும் ஒரே மனத்தின் ஒரே தவறான நம்பிக்கையிலிருந்து பிறந்தனவாதலின், ஒன்று மற்றொன்றோடு மாறுபட வழியேயில்லை.

மறுமுறை எழுதத் தொடங்கியபோது, தள்ளப்படவேண்டிய எண்களையும் சோதனையிற் சேர்க்க நினைத்து, 1111111111 என்று ஒன்றை எழுதினேன். யாரேனும் விளையாட்டாக இடக்கூடிய பொய்யெண் அன்றோ அது! நிரல் அதனைத் தள்ளாது ஏற்றுக்கொண்டது. நண்பர் நிரலில் எங்கோ பிழையென்று நெடுநேரம் தேடினார். பிறகு தாளில் எழுதிக் கூட்டினோம். பத்து முதல் ஒன்று வரை கூட்டத் தொகை 55; பதினொன்றின் ஐந்து மடங்கு! எனவே, ஒரே இலக்கத்தைப் பத்து முறை எழுதினால் அஃது எவ்விலக்கமாயினும் காவற்கணக்கிற் செல்லும். பத்துச் சுழிகளும் செல்லும். எண்ணில்லாத நூலுக்குப் பத்துச் சுழிகளை இட்டு நிரப்புவோர் எங்கட்குள்ளேயே ஒருவர் இருந்தார். இம்முறை நிரல் சரி; என் எண்ணமே பிழை. ஆதலின் ஒரே இலக்க எண்களைத் தடுக்கத் தனி விதி வகுத்தோம். எண்ணில்லா நூலுக்கு அவ்விடம் வெறுமையாகவே இருத்தல்வேண்டுமென்று துணிந்தோம், புறநானூற்றின் 267 போல.

பத்திலக்கத்தைப் பதின்மூன்றாக்கும் பகுதியிலும் ஒரு குறுக்குவழி நுழைந்திருந்தது. 978 என்பதை முன்னே ஒட்டினாற் போதுமென்று கருதியிருந்தோம். பதின்மூன்றிலக்கத்திற்குக் காவல்முறை வேறு: இலக்கங்களை 1, 3, 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டிப் பத்தால் வகுக்கவேண்டும். ஆகவே 0-306-40615-2 என்பதன் பதின்மூன்றிலக்க வடிவம் 978-0-306-40615-7 என முடியும்; முன்னைய 2 மறைந்துவிடும். எக்ஸில் முடிந்த மற்றையது 978-0-8044-2957-3 ஆகும். 979 எனத் தொடங்குவனவற்றிற்குப் பத்திலக்க வடிவமே இல்லை. அவற்றைச் சுருக்கச் சொன்னால் நிரல் மறுத்தல் வேண்டும், ஏதேனும் ஒன்றைக் கொடுத்தல் கூடாது. இம்மூன்றும் இப்போது சோதனையில் உள்ளன.

புதியது பழையதினும் வலிதென்று எண்ணற்க. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதுதல் கைப்பொறிப்பில் மலிந்த பிழை. பத்திலக்க முறை அதனை ஒருபோதும் விடாது. பதின்மூன்றிலக்க முறையோ, அவ்விரண்டும் ஐந்தால் வேறுபடின் ஏமாந்துபோம். மேற்காட்டிய எண்ணில் 6, 1 என்பவற்றை மாற்றி 978-0-306-40165-7 என்று எழுதிப் பாருங்கள். கணக்கு ஒருசிறிதும் குறை சொல்லாது. இதனை நிரலால் தீர்க்கவியலாது. நூலின் தலைப்பையும் உடன் ஒப்பிட்டே தீர்த்தல் வேண்டும்.

தமிழ் பயிலும் எனக்கு மிகச் சுவையளித்தது வேறொன்று. பைதானில் "இவ்வெழுத்து இலக்கமா?" என்று வினவுதற்கு ஒரு கட்டளையுண்டு. அது 0 முதல் 9 வரையுள்ளவற்றை மட்டுமன்று, நம் ௧, ௨, ௩ முதலியவற்றையும் இலக்கமென ஒப்புக்கொள்ளும். ௧௮௯௪ என்று கொடுத்தால் 1894 என்று மாற்றியும் தரும். ஆனால் பழைய முறைப்படி ௲௮௱௯௰௪ என்று கொடுத்தால் மாட்டாது. ௰, ௱, ௲ என்பன எண்மதிப்புடைய குறிகளாகக் கொள்ளப்படினும் இலக்கங்களாகக் கொள்ளப்படவில்லை. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டிலோ, கோவைத் தேடலுக்குரிய இலக்கக் குறி தமிழிலக்கத்தை அறியவே அறியாது. ஒரே நூற்பட்டியலின் முன்வாயிலும் பின்வாயிலும் இவ்வாறு வெவ்வேறு விடையளிப்பின் குழப்பம் நேருமன்றோ? தமிழிலக்கத்தின்மேல் எனக்குப் பற்று மிகுதி. ஆயினும் நூலெண்ணில் 0 முதல் 9 வரையும், ஈற்றில் மட்டும் எக்ஸுமே செல்லுமென்று வெளிப்படையாக எழுதிவிட்டோம். ஆண்டுகளையும் பழைய வரவுப் பதிவேட்டின் எண்களையும் ஏற்கும் பகுதி வேறாக இருக்கின்றது. அங்கே ௰ க்கும் ௱ க்கும் இடமுண்டு.

சிறுகோட்டிலும் ஏமாற்றமுண்டு. கோப்புக்களிலிருந்து படியெடுக்கும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் கோடுகள் கணினிக்கு வெவ்வேறு எழுத்துக்களாகின்றன. கண்ணுக்கே தோன்றாத இடைவெளிகளும் ஒட்டிக்கொண்டு வரும். சிலர் அட்டையில் எண்ணை அடுத்து அடைப்புக்குள் கட்டட வகையையும் எழுதியிருந்தனர். இவற்றைக் களைந்தபின்னரே நீளத்தை எண்ணவேண்டும். நீளம் சரியாயிருந்தாலன்றிக் காவற்கணக்கிற்குச் செல்லலாகாது. இவ்வொழுங்கு தலைகீழாயிருந்தமையே எங்கள் முதற்பிழைக்கு வேர்.

இனி, காவற்கணக்கில் தவறிய எண்ணை என்செய்வது? நண்பர் தள்ளிவிடவேண்டுமென்றார். யான் உடன்படவில்லை. நூலின் முகப்பிலேயே எண் பிழையாக அச்சாகியிருப்பதுண்டு. அதனை நாமாகத் திருத்தினால், நூலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவோர்க்கு அகப்படாது. தள்ளினால் நூலே பட்டியலில் இராது. ஏட்டிலுள்ள பாடத்தை உள்ளவாறே காட்டித் தம் கருத்தை அடிக்குறிப்பில் எழுதும் பதிப்பாசிரியரின் வழக்கமே இங்கும் தக்கதென்று வாதாடினேன். நூல்நிலையங்களின் பொதுப் பதிவு முறையிலும் செல்லாத எண்ணை எழுதிவைக்கத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காட்டியபின் நண்பர் இசைந்தார். ஆகவே இப்பொழுது ஒவ்வொரு பதிவிலும் இரண்டு வடிவங்கள் உள்ளன: பொறித்தவாறே மாற்றப்படாத எழுத்துத்தொடர் ஒன்று, ஒப்பிடுதற்குச் செப்பஞ்செய்த வடிவம் மற்றொன்று. இரண்டும் எழுத்துத்தொடரே, எவ்விடத்தும் முழுவெண்ணாக்குவதில்லை.

எடுத்துக்காட்டுக்களை இம்முறை எங்கள் மூளையிலிருந்து எடுக்கவில்லை. பிழைக்கோப்பிலிருந்தும், இதழ்ப் பட்டியலில் வழிதவறிக் கிடந்தவற்றிலிருந்தும் எடுத்தோம். விடைகளை இருவரும் தனித்தனியே தாளிற் கணக்கிட்டு, ஒத்தனவற்றையே எழுதினோம். பழைய நிரலின்மேல் இச்சோதனைகளை ஓட்டியபோது பாதிக்குமேல் தவறின. திருத்திய நிரலில் யாவும் தேறின. ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னோம். இரண்டு சுழிக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் தாமே போட்டுப் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விரிதாள் சுருக்கிய பதின்மூன்றிலக்க எண்களை மட்டும் எக்கணக்காலும் மீட்கவியலாது. அவற்றிற்குரிய நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து முகப்பைப் பார்த்தே மீண்டும் பொறித்து வருகின்றோம். தமிழ் அலமாரிகள் முடிந்தன, வரலாற்று அலமாரிகள் எஞ்சியுள்ளன. நாள்தோறும் மாலை வகுப்பு முடிந்தபின் நூல்நிலையத்தின் கிழக்குத் தாழ்வாரத்தில் இருப்போம். வரும் அன்பர்கள் பென்சிலொன்று கொண்டுவருக.